கவிழ்த்து வைத்த நோட்டு

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஐந்தாவது வரை படித்தவள். பழைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நூறு நாள் வேலை வந்த புதிதில், ஏரி வேலைக்குப் பெயர் கொடுத்த பெண்களில் கைநாட்டு வைக்காதவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் அவள் ஒருத்தி. 2008இல் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நாள் கூலி 80 ரூபாய். வாரக் கடைசியில் வந்த பணத்தை நாள் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டும் அறுபத்திரண்டுமாகத்தான் தேறியது. வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி, அளவு குறைகிறது என்றார்கள். யார் அளந்தது, என்றைக்கு அளந்தது, எவ்வளவு இருந்தது என்று கேட்டால், எல்லாம் நோட்டில் இருக்கிறது என்றார்கள்.

ஒரு நாள் அம்மா அந்த நோட்டைக் கேட்டாள். பணித்தளப் பொறுப்பாளராக இருந்தது எங்கள் தெருப் பெண்தான். பத்தாவது முடித்தவள், அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவள். அவள் சட்டென்று நோட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “அதெல்லாம் காட்டக் கூடாதுக்கா, ஆபீஸு சமாச்சாரம்” என்றாள்.

“என் பேரு எழுதியிருக்கிற நோட்டு, எனக்குக் காட்டக் கூடாத சமாச்சாரமாடி?” என்று கேட்டுவிட்டு அம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். காட்டாதே என்று ஓவர்சியர் சொல்லியிருப்பார். ஓவர்சியருக்கு அவர் மேலே இருக்கிறவர் சொல்லியிருப்பார். ரகசியம் மேலேயிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் மாதக் கணக்கில் நிச்சயமில்லாத ஒரு பெண்ணின் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. வேலைக்கு வந்தவர்கள் பெண்கள், நோட்டை மறைத்தவளும் பெண். அதில் எழுதப்பட்டதை முடிவு செய்தவர்கள் யாரும் ஏரிக்கரைப் பக்கம் வரவில்லை.

தகவல் அறியும் உரிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்திலிருந்தோ பத்திரிகை சுதந்திரத்திலிருந்தோ தொடங்குவார்கள். அம்மாவோடு நின்று பார்த்த எனக்கு அது கூலிப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் கதையில் வருகிற ஆட்களே மாறிவிடுகிறார்கள்.

முதலில் ‘ஆபீஸு சமாச்சாரம்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1889இல் பிரிட்டிஷ் அரசு இங்கே ஓர் அலுவல் ரகசியச் சட்டம் கொண்டுவந்தது. கர்சன் காலத்தில், 1904இல், அது இன்னும் இறுக்கப்பட்டது. கோகலே சட்டசபையில் எதிர்த்துப் பேசியும் பயனில்லை. இன்றும் நடப்பில் இருப்பது 1923ஆம் ஆண்டின் சட்டம். ஒற்றர்களைப் பிடிப்பதற்கு என்று சொல்லப்பட்டது. ஆனால் அதன் ஐந்தாம் பிரிவு, அலுவல் ரகசியம் என்று கருதப்படுகிற எதையும் அனுமதியில்லாமல் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே குற்றவாளியாக்கியது. ரகசியம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. வரையறை இல்லாததுதான் அதன் பலம். ராணுவ வரைபடத்துக்கும் ஒரு கிராமத்துக் குளம் வெட்டிய கணக்குக்கும் ஒரே பூட்டு. வெள்ளைக்காரன் போனான், பூட்டு அப்படியே கைமாறியது.

1975 ஜனவரியில் உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரதமர் சுற்றுப்பயணத்துக்கான பாதுகாப்பு விதிகள் அடங்கிய ‘நீலப் புத்தக’த்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டுமா என்பது கேள்வி. அரசு ஊழியர்கள் பொதுப் பொறுப்பில் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே.கே. மாத்யூ அதில் எழுதினார். அருமையான தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஐந்தே மாதத்தில் நெருக்கடி நிலை வந்தது, பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன. அப்போது பிரதமர் ஒரு பெண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் பீரோ தானாகத் திறந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மில் சிலருக்கு இன்னமும் இருக்கிறது.

பீரோவைத் திறந்தவர்கள் ராஜஸ்தானில் இருந்தார்கள்.

1981இல் அஜ்மீர் மாவட்டத்து ஹர்மாரா கிராமத்துக்குப் பக்கத்தில் பஞ்ச நிவாரணமாக ஒரு சாலை போட்டார்கள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய். கைக்கு வந்தது அதற்கும் கீழே. காரணம், எங்கள் ஊரில் சொன்ன அதே காரணம்: அளந்து பார்த்தால் வேலை குறைகிறது. தலித் பெண்ணான நௌர்த்தி பாய் முன்னால் நிற்க, குறைந்த கூலியை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள். வழக்கு சஞ்சித் ராய் பெயரில் உச்ச நீதிமன்றம் போனது. பஞ்ச வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்று அந்த மாநிலம் 1964இல் தனியாக ஒரு சட்டமே வைத்திருந்தது. 1983இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி எழுதினார். நீதிமன்ற ஏடுகளில் வழக்கின் பெயரைத் தேடினால் நௌர்த்தியைக் காணமுடியாது. அவர் பின்னாளில் கணினி கற்றுக்கொண்டார், 2010இல் ஹர்மாரா ஊராட்சித் தலைவரானார்.

வழக்கில் ஜெயித்தும் கூலி முழுதாக வரவில்லை. சட்டம் 7 ரூபாய் என்கிறது, நோட்டு அளவு குறைவு என்கிறது. நோட்டைப் பார்க்காமல் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் ராஜ்சமந்த் பகுதியில் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை 1975இல் விட்டு வந்தவர். வானம் பொய்த்த அந்தப் பூமியில் ஆண்கள் பிழைப்புத் தேடி குஜராத்துக்கும் பம்பாய்க்கும் போய்விடுவார்கள். குழந்தைகளோடும் கால்நடைகளோடும் ஊரில் மிஞ்சுவது பெண்கள். அதனால் நிவாரண வேலைத்தளம் என்பது அங்கே பெண்கள் இருக்கும் இடம். 1990 மே 1 அன்று மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் உருவானபோது அதன் முதல் சண்டைகள் எல்லாம் கூலிச் சண்டைகள்தான். மஸ்டர் ரோலைக் காட்டு என்று கேட்டார்கள். அது அரசாங்க ரகசியம் என்று பதில் வந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம், சட்டி நிறைய மண் சுமந்த பெண்ணின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. ஜன் சுன்வாய் என்பார்கள். ஒரு பந்தல், ஒரு மைக், எப்படியோ கிடைத்த ஆவண நகல்கள், வெளியூரிலிருந்து வந்த சில பெரியவர்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார்கள். பெயருக்கு உரியவர் எழுந்து நிற்க வேண்டும். இந்த வேலைக்குப் போனாயா? எத்தனை நாள்? எவ்வளவு வாங்கினாய்? போகவே இல்லை என்றார்கள் சிலர். இத்தனை நாள் எழுதியிருக்கிறது, நான் போனது பாதி நாள்தான் என்றார்கள் சிலர். சில பெயர்களுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை, அவர்கள் செத்துப்போயிருந்தார்கள். தொடர்ந்து பல ஊர்களில் விசாரணைகள் நடந்தன. கட்டாத கட்டடத்துக்குக் கணக்கும், இல்லாத கடையிலிருந்து பில்லும் வெளியே வந்தன.

இந்த முறையின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். வாசித்துக் காட்டினால் போதும், கேட்பவருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எழுத்து என்பதே அதிகாரியின் சொத்தாக இருந்த இடத்தில், தான் எத்தனை நாள் மண் சுமந்தோம் என்ற ஒரு பெண்ணின் ஞாபகம் சாட்சியமானது. முக்காட்டை விலக்காமலேயே மைக்கின் முன்னால் நின்றவர்கள் இருந்தார்கள். வீட்டு வரவுசெலவை அவர்கள் வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்துத்தான் பழகியிருந்தார்கள். யாரும் அதைக் கணக்கு என்று ஒப்புக்கொண்டதில்லை.

1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒரு வருஷம் ஓடியது, ஒரு நகலும் வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, காய்கறி விற்பவர்கள் காய் கொடுத்தார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது கோஷம். அந்தக் காலத்தில் தில்லியில் நடந்த ஒரு கூட்டத்தில், நாலாம் வகுப்பு படித்த சுசீலாவிடம் உங்களுக்கு எதற்குத் தகவல் உரிமை என்று கேட்டார்களாம். என் பையனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் சர்க்காரிடம் கேட்கக் கூடாதா என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். இதை வெள்ளந்தியான பதில் என்று சிலாகித்து எழுதியவர்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் வெள்ளந்தி எதுவும் தெரியவில்லை. நீதிபதி மாத்யூ சொன்னதைவிட ஒரு படி மேலே போகிற வாதம் அது. அறிவது மட்டும் உரிமையில்லை, கணக்கு ஒப்பிக்க வேண்டியது எதிராளியின் கடமை என்கிறது.

நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு: ஆம்பளையிடம் சம்பளத்தையும் பொம்பளையிடம் வயசையும் கேட்கக் கூடாது. என் அப்பா எவ்வளவு சம்பாதித்தார் என்று அம்மாவுக்கு அவர் சாகும்வரை தெரியாது. அவர் கெட்டவரில்லை. கேட்கிற பழக்கம் வீட்டில் இல்லை, சொல்கிற பழக்கமும் இல்லை. அவர் கொடுத்ததில் குடும்பம் நடத்தினாள், குறைந்தால் அது அவள் சாமர்த்தியக் குறைவு. சர்க்காரும் அதே வீட்டுத் தலைவர்தான். கொடுத்ததை வாங்கிக்கொள், மேற்கொண்டு கேட்டால் நன்றிகெட்டவள். அதனால்தான் சுசீலாவின் பதிலைப் படித்தபோது எனக்குச் சர்க்கார் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

1997இல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, 53 நாள். அதன் முடிவில் துணை முதல்வர் ஒரு செய்தி சொன்னார்: ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையை அறிவித்து ஆறு மாதத்துக்கு முன்பே அரசாணை வெளியாகிவிட்டதாம். ஐம்பத்து மூன்று நாள் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. அறியும் உரிமையைத் தரும் ஆணையையே ரகசியமாக வைத்திருக்க முடிந்தது.

அதே 1997இல், நாட்டிலேயே முதலாவதாக, தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ‘முதல் மாநிலம்’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. சட்டத்தைத் திறந்து பார்த்தால் இருபதுக்கு மேற்பட்ட விலக்குகள். கதவை வைத்துவிட்டு வாசலெங்கும் சுவர் எழுப்பிய கதை. அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் இங்கே மஸ்டர் ரோலைக் கேட்டு நாற்பது நாள் உட்கார்ந்ததாக அந்தச் சட்டத்தில் தடயம் இல்லை. மேலேயிருந்து வந்தது, மேலேயே இருந்தது.

நாடு முழுமைக்குமாக 2002இல் ஒரு சட்டம் வந்தது, நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று நடப்புக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் நமக்குத் தெரிந்தது: பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு, தாமதித்தால் அலுவலருக்கு அபராதம். ஊரக வேலை உறுதிச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது, சமூகத் தணிக்கையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு. கூலியும் கணக்கும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் என்பதைப் பியாவரின் பெண்கள் பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

இப்போது எனக்குச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். 2005 சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிநபர் தகவலுக்கு ஒரு விலக்கு வைத்திருந்தது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத தகவலை, அல்லது தேவையின்றி அந்தரங்கத்தில் நுழையும் தகவலை மறுக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு கொக்கியும் இருந்தது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று பிரிவு சுருங்கியது. மஸ்டர் ரோல் என்பது என்ன? பெயர்களின் பட்டியல். பெயரை எடுத்துவிட்டால் ஜன் சுன்வாயில் வாசிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அந்தரங்கம் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணியவாதியால் முடியாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. மதுரா வழக்கைத் தொடர்ந்த போராட்டங்களுக்குப் பிறகு, 1983இல், பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றமானது. பெயரை மறை என்று நாம் கேட்டிருக்கிறோம். இன்னொரு பக்கம், ‘வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது’ என்ற வாசகத்துக்குள் எத்தனை அடிகள் மறைக்கப்பட்டன என்பதும் நமக்குத் தெரியும். விசாரணைப் பந்தலில் எழுந்து நின்று பேசிவிட்டு வீடு திரும்பும் பெண் புருஷனையும் மேல்சாதிக்காரரையும் சந்திக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அவளுடைய பெயர் அவளுக்கு ஆபத்தாக முடியலாம்.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி, யாருக்காக மறைக்கிறோம் என்பது. வன்முறைக்கு ஆளானவளின் பெயர் அவளுக்காக மறைக்கப்படுகிறது. கூலிப் பட்டியலில் அவள் பெயரை மறைத்தால் லாபம், அந்தப் பெயரில் பணம் எடுத்தவனுக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. நாம் போராடி வாங்கிய ஒரு சொல்லை எடுத்து நம் கூலி நோட்டைக் கவிழ்த்து வைப்பதுதான் எனக்குக் கசக்கிறது.

இந்தத் திருத்தம் வருவதற்குப் பல வருஷம் முன்பே அதன் ஒத்திகையை நான் பார்த்தேன். 2010இல் அம்மாவின் பெயரில் ஒரு மனு எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, வரத்து வாய்க்கால் வேலை நடந்த ஒரு வாரத்தின் மஸ்டர் ரோல் நகலைக் கேட்டேன். எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊராட்சிக்கு அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் திறந்தது. முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். எழுதியது நான் என்று தெரிந்து, ஒருவர் வீட்டுக்கு வந்து, படித்த பொண்ணு எதுக்கும்மா இந்த வம்பெல்லாம் என்று அம்மாவிடம் அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு உறை வந்தது.

உள்ளே நகல் இருந்தது. அம்மாவின் பெயர் இருந்த வரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்ற வரிகளில் பெயரும் கைநாட்டும் இருந்த இடங்கள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாம் நபர்களின் தனிப்பட்ட விவரம் என்பதால் தர இயலாது என்று கூடவே ஒரு கடிதம். எனக்கு அழுகையாக வந்தது. ஆறு மாதம் அலைந்து, அவள் பெயரை அவளுக்கே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா தாளை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். விரலை வைத்து மேலிருந்து கீழே ஏதோ எண்ணினாள். மறுபடி கீழிருந்து மேலே எண்ணினாள்.

“அந்த வாரம் வாய்க்கால்ல நாங்க இருந்தது முப்பத்தோரு பேரு. ஒரு நாள்கூட ஆள் ஏறல. இதுல வரி நாப்பத்தாறு இருக்குது.”

அன்று சாயங்காலம் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். யார் யார் வந்தார்கள், யார் யாருக்குப் பக்கத்தில் நின்று வெட்டினார்கள் என்று பேசிப் பேசி ஞாபகப்படுத்தினார்கள். ஒருத்தி அந்த வாரம் முழுக்கப் பேத்திக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்ததைச் சொன்னாள், அவள் பெயர் வேண்டாம் என்றாள். அம்மா பென்சிலால் கறுப்பு வரிகளின் ஓரத்தில் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே போனாள். அவளையும் சேர்த்து முப்பத்தொன்று வந்தது. மிச்சம் பதினைந்து வரிகளுக்குப் பக்கத்தில் எழுத ஆள் கிடைக்கவில்லை.